புதுத் தொட்டி, 19ஆம் நாள்: அம்மோனியா 0, நைட்ரைட் கத்தரிப்பூ நிறம், நைட்ரேட் 80. மீன் விடலாமா?

மஞ்சக்குப்பம் தொட்டி (19ஆம் நாள், வெள்ளி இரவு)

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். இதுதான் என் முதல் தொட்டி. நீளம் 3 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. கணக்குப்படி 85 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடம் எல்லாம் போக 70 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, பின்னால் தொங்கும் ஃபில்டர் ஒன்று. ஹீட்டர் இல்லை, தண்ணீர் 29 டிகிரியிலேயே இருக்கிறது. ஊற்றியது வீட்டு போர் தண்ணீர்.

மீன் விடாமலே சைக்கிள் செய்யலாம் என்று படித்தேன், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை முதலில் தொட்டியில் வளர்த்துக்கொள்வது. கெமிக்கல் கடையில் அம்மோனியம் குளோரைடு வாங்கி, முதல் நாள் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும் அளவு போட்டேன். 13ஆம் நாள் இன்னொரு 2 பிபிஎம். சோதனைக்கு ஏ.பி.ஐ. கம்பெனியின் துளி கிட், தண்ணீரில் துளி விட்டு வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நோட்டில் எழுதி வைத்தது இது:

1ஆம் நாள்: அம்மோனியா 2, நைட்ரைட் 0, நைட்ரேட் 20
6ஆம் நாள்: 2, 0, 20
10ஆம் நாள்: 1, 2, 40
13ஆம் நாள்: 0.25, 5, 80 (சோதித்த பிறகு மறுபடி அம்மோனியம் குளோரைடு போட்டேன்)
16ஆம் நாள்: 0.5, 5, 80
19ஆம் நாள்: 0, 5, 80

பிஎச் முதல் நாள் 8.2, இன்று 7.8.

மீன் கடையில் கேட்டால், அம்மோனியா போய்விட்டால் மீன் விடலாம் என்கிறார்கள். முதல் நாளே நைட்ரேட் 20 வந்ததைப் பார்த்து, பாக்டீரியா ஏற்கெனவே வந்துவிட்டது போல என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் இந்த நைட்ரைட் மட்டும் ஒன்பது நாளாக இறங்கவே மாட்டேன் என்கிறது. என் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் வெறும் தொட்டி முன்னால் போய் நிற்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாமா?

லாஸ்பேட்டைக்காரர்

தம்பி, இந்த ஞாயிறு வேண்டாம். பாப்பாவிடம் இன்னும் இரண்டு வாரம் என்று சொல்லி வையுங்கள்.

உங்கள் நோட்டிலேயே பதில் இருக்கிறது. அம்மோனியா எங்கேயும் போய்விடவில்லை, நைட்ரைட்டாக மாறி அதே தண்ணீரில்தான் நிற்கிறது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வந்து வேலையைப் பிடித்துக்கொண்டது. நைட்ரைட்டைத் தின்பது வேறொரு கூட்டம். அதற்கு இரை கிடைக்கத் தொடங்கியதே 7, 8ஆம் நாளுக்கு மேல்தான். பெருகுவதிலும் அது மெதுவு.

இந்தத் தண்ணீரில் மீன் விட்டால் நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறும். ரத்தம் பழுப்பாகி, காற்றை எடுத்துப் போகும் சக்தியை இழக்கும். ஏர் பம்பு கொப்புளித்துக்கொண்டே இருக்கும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். என் முதல் தொட்டியில் ஏழு கப்பி மீன்களை இப்படித்தான் இழந்தேன். செத்த கப்பியின் செவுளைத் தூக்கிப் பார்த்தபோது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் சோதனை கிட் வாங்கினேன்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அதே சோதனைகளைச் செய்து பாருங்கள். முதல் நாள் நைட்ரேட் 20 என்பது எனக்கு இடிக்கிறது. எந்தப் பாக்டீரியாவும் ஒரே நாளில் அதைச் செய்யாது.

நெய்வேலி டவுன்ஷிப்

நான் 25 வருஷமா மீன் வளர்க்கிறேன். ஒரு துளி மருந்து வாங்கினதில்லை. புதுத் தொட்டியில் பழைய தொட்டித் தண்ணீர் ரெண்டு குடம் ஊற்றுவேன், நாலு கப்பி விடுவேன், ரொம்பக் கம்மியா தீனி போடுவேன், ஒரு மாசம் கழிச்சு மிச்ச மீன். பெரிசா எதுவும் கெட்டுப் போனதில்லை. இவ்வளவு எண் எழுதி வெச்சு மண்டையை உடைச்சுக்கணுமான்னு நிஜமாவே கேட்கிறேன்.

லாஸ்பேட்டைக்காரர்

அண்ணா, உங்கள் முறையில் ஓர் உண்மை இருக்கிறது: நாலே மீன், கொஞ்சமே தீனி. அதனால்தான் தப்பித்தீர்கள். பழைய தண்ணீரில் மட்டும் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்ச், கல், மணல், கண்ணாடி என்று ஒட்டிக்கொண்டு வாழும். அந்த இரண்டு குடத்தோடு சேர்த்து பழைய ஃபில்டரையோ கல்லையோ மாற்றிப் போட்டிருப்பீர்களே?

நெய்வேலி டவுன்ஷிப்

ஆமா, ஸ்பாஞ்ச் எப்பவும் பழசுதான் போடுவேன். புதுசு வாங்க மனசு வராது. அப்போ வேலை செஞ்சது அதுதானா? சரி, ஒத்துக்கிறேன்.

வேதியியல் டீச்சர்

பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், வீட்டில் இரண்டு தொட்டி. மஞ்சக்குப்பம் சார், உங்கள் எண்களில் இரண்டை அப்படியே நம்ப வேண்டாம்.

முதலாவது நைட்ரைட் 5. அட்டையில் கடைசி நிறமே 5தான். அதற்கு மேல் 8 இருந்தாலும் 10 இருந்தாலும் கண்ணுக்கு அதே கத்தரிப்பூ. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 பிபிஎம் அம்மோனியா முழுதும் மாறினால் 2.7 பிபிஎம் நைட்ரைட் வரும். அதுவே நைட்ரேட் வரை போனால் சுமார் 3.6. நீங்கள் போட்டது மொத்தம் 4 பிபிஎம். அப்படியானால் நைட்ரைட் அதிகபட்சம் 10.8 வரை இருக்கலாம். ஒன்பது நாளாக இறங்கவில்லை என்கிறீர்களே, அட்டைக்கு வெளியே ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்திருக்கும், உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு மூன்று பங்கு ஆர்.ஓ. கேன் தண்ணீரைக் கலந்து சோதித்து, வருவதை நாலால் பெருக்குங்கள்.

இரண்டாவது நைட்ரேட் 80. அந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்றால், இரண்டாவது புட்டியில் உள்ள துத்தநாகத் தூள் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றும். பிறகு அந்த நைட்ரைட்தான் நிறம் கொடுக்கும். தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் நிறைய இருந்தால் அதுவும் சேர்ந்து சிவக்கும். நைட்ரைட் இறங்கும் வரை உங்கள் நைட்ரேட் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அந்தத் தூள் புட்டியின் அடியில் போய்ப் படிந்துவிடும். அரை நிமிடம் நன்றாகக் குலுக்காமல் துளி விட்டால் உண்மையான 40 கூட 5 என்று காட்டும். புட்டியை மேசை மேல் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் குலுக்குங்கள். துளி விட்ட பிறகு சோதனைக் குழாயை இன்னொரு நிமிடம். கை வலிக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் தொட்டி (20ஆம் நாள், சனி காலை)

அக்கா, அண்ணா, இரண்டு பேர் சொன்னதும் சரி.

போர் தண்ணீர்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. பைப்பில் இருந்தே 20! நான் பாக்டீரியா என்று நினைத்தது பூமிக்குள் இருந்து வந்தது.

நாலு மடங்கு நீர்க்க வைத்து நைட்ரைட் பார்த்தேன். 2 வந்தது. ஆக 8.

இன்னொன்று கேட்க வேண்டும். நேற்று இரவு டியூப் லைட்டில் பார்த்தபோது அம்மோனியா 0.25 போலவும் தெரிந்தது, 0 போலவும் தெரிந்தது. இன்று காலை ஏழு மணிக்கு ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தால் சுத்த எலுமிச்சை மஞ்சள். எதை நம்புவது?

லாஸ்பேட்டைக்காரர்

ஜன்னலை நம்புங்கள். குழாயை அட்டையில் உள்ள வெள்ளைப் பட்டையில் ஒட்ட வைத்து, வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வரும்படி நின்று பாருங்கள். எல்.இ.டி. வெளிச்சத்தில் மஞ்சளுக்குக் கொஞ்சம் பச்சை ஏறிவிடும், அதை வைத்து 0.25 என்று பயந்தவர்கள் நிறையப் பேர். சந்தேகம் தீர நான் செய்வது: ஒரு குழாயில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இரண்டிலும் ஒரே நேரத்தில் துளி விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மஞ்சள் என்றால் அது 0.

மூடிக்குப் பதில் விரலை வைத்து மூடிக் குலுக்காதீர்கள். வேர்வையும் சேர்ந்துகொள்ளும்.

போர் தண்ணீர் விஷயத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் வயல் உரமும் செப்டிக் டேங்கும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. குடிநீருக்கே இந்தியத் தர அளவு 45 வரை அனுமதிக்கிறது. 20 என்பது மீனுக்குப் பயப்பட வேண்டிய எண் இல்லை. ஆனால் ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். தண்ணீர் மாற்றி மாற்றியே நைட்ரேட்டை 20க்குக் கீழே கொண்டுவர உங்களால் முடியாது, ஊற்றுவதே 20 ஆயிற்றே.

கிள்ளை இறால்

நான் இறால் பண்ணையில் தண்ணீர் சோதனை பார்ப்பவன். குளத்தில் படித்த பாடம் தொட்டிக்கும் பொருந்தும், அதனால் சொல்கிறேன்.

கிட் காட்டும் அம்மோனியா மொத்த அம்மோனியா. அதில் ஒரு பகுதிதான் விஷம். மிச்சம் அம்மோனியம் அயனி, அதனால் மீனுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. எவ்வளவு பங்கு விஷம் என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கும். 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 என்றால் ஆறரை பங்கு. 8.2க்குப் போனால் பத்து. வெளிநாட்டில் பிஎச் 7இல் தொட்டி வைத்திருப்பவர் 0.5 அம்மோனியாவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். நம் கடலோரப் போர் தண்ணீரில், நம் வெயிலில், அதே 0.5 பத்து மடங்குக்கு மேல் காரம். படிக்கும் கட்டுரை எந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி எழுதியது என்று பாருங்கள்.

குளத்தில் நாங்கள் பிஎச்சைக் காலையிலும் பார்ப்போம், பிற்பகலிலும் பார்ப்போம். பாசி பகல் முழுக்கக் கரியமில வாயுவை இழுப்பதால் பிற்பகலில் பிஎச் உச்சிக்குப் போகும். செடி நிறைய வைத்த தொட்டியிலும் அதே கதைதான். தினமும் ஒரே நேரத்தில் சோதித்தால்தான் நேற்றோடு இன்றை ஒப்பிட முடியும்.

நைட்ரைட் பற்றி ஒரு குறிப்பு. மீனோடு சைக்கிள் செய்து மாட்டிக்கொண்டவர்கள் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு கரைத்து விடலாம். உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழையும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இது உயிரைப் பிடித்து வைக்கும் வழி மட்டும்தான், கூடவே தண்ணீரையும் மாற்ற வேண்டும். மஞ்சக்குப்பம் நண்பருக்கு மீன் இல்லை, உப்புத் தேவையில்லை.

முத்தியால்பேட்டை கப்பி

இந்த இழையைப் படித்துவிட்டு என் தொட்டியை நினைத்துப் பயமாக இருக்கிறது. 2 அடித் தொட்டி, 50 லிட்டர். போர் தண்ணீர் உப்பு என்று முழுக்க முழுக்க ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே ஐந்து கப்பி. 18 நாளாக அம்மோனியா 4இலேயே நிற்கிறது, நைட்ரைட் 0. பிஎச் 6.0, சுத்த மஞ்சள். மீன்கள் சுமாராக இருக்கின்றன, சாகவில்லை. நாளைக்கு பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு நகராட்சித் தண்ணீர் ஊற்றி பிஎச்சை 8க்கு ஏற்றலாமா?

வேதியியல் டீச்சர்

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! முதலில் இதை முழுதும் படியுங்கள்.

உங்கள் கப்பிகள் உயிரோடு இருப்பதற்குக் காரணமே அந்தத் தாழ்ந்த பிஎச்தான். பிஎச் 6இல் 4 பிபிஎம்மில் விஷப் பகுதி 0.003 அளவுகூட இல்லை. அதே தண்ணீரை 8க்கு ஏற்றினால் 0.26. ஏறத்தாழ 90 மடங்கு, அதுவும் ஒரே மணி நேரத்தில். பாதித் தண்ணீர் போய் அம்மோனியா 2 ஆனால்கூட 45 மடங்கு. உங்கள் கண் முன்னாலேயே மீன் துடிக்கும்.

உங்கள் சைக்கிள் ஏன் நின்றது என்றால், பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரில் உள்ள கார்பனேட்டைச் செலவழிக்கும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7 மில்லிகிராம் அளவு காரத்தன்மை போகும். ஆர்.ஓ. தண்ணீரில் அந்தச் சரக்கே கிடையாது. பிஎச் சரிந்து 6க்கு வந்ததும் பாக்டீரியா கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிட்டது. இன்னொன்று, அந்த அட்டையில் கடைசி நிறம் 6.0. உங்களுடையது அதற்கும் கீழே இருக்கலாம்.

வரிசை இதுதான். இன்று பாதித் தண்ணீரை அதே ஆர்.ஓ. தண்ணீரால் மாற்றுங்கள். அம்மோனியா 2 ஆகும். நாளை மறுபடி பாதி, 1. நாளை மறுநாள் பாதி, 0.5. தீனியை நிறுத்துங்கள், மூன்று நாளில் கப்பி பட்டினியால் சாகாது. அம்மோனியா 0.5க்குக் கீழே வந்ததைச் சோதனையில் பார்த்த பிறகு, ஆப்பச்சோடா கால் டீஸ்பூன் கரைத்து விடுங்கள், மறுநாள் இன்னொரு கால். 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் என்றால் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி ஏறும், இந்த அரை டீஸ்பூனுக்கு 2 டிகிரி, அது போதும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நகராட்சித் தண்ணீரைக் கலந்துகொண்டே போங்கள், ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்துக் குளோரின் போன பிறகு. கப்பி கடினத் தண்ணீர் மீன், அதற்குப் பிடிக்கவே செய்யும்.

முத்தியால்பேட்டை கப்பி

நல்ல வேளை கேட்டேன். இப்போதே இரண்டு கேன் வாங்க ஆளை அனுப்பிவிட்டேன். நன்றி அக்கா.

கிள்ளை இறால்

டீச்சர் சொன்னது பொன் எழுத்து. குளத்தில் அம்மோனியா ஏறியிருக்கும்போது சுண்ணாம்பு போட்டு பிஎச்சை ஏற்றி, விடிவதற்குள் இறால் கரை ஒதுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்

மஞ்சக்குப்பம் தம்பி, நாளைக்கு நாங்க குடும்பத்தோட திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கு வர்றோம். என் தொட்டியில் ஒரு ஸ்பாஞ்ச் ஆறு வருஷமா ஓடுது, அதில் பாதியை வெட்டித் தர்றேன். தொட்டித் தண்ணியிலேயே முக்கி டிபன் பாக்ஸில் எடுத்துட்டு வர்றேன். குறிஞ்சிப்பாடி வழியா வந்தா ஒரு மணி நேரம் சொச்சம். என் மீனுக்கு நோய் எதுவும் இல்லை. காலையில் பத்து மணிக்கு கோயில் வாசல்ல நில்லுங்க.

லாஸ்பேட்டைக்காரர்

அண்ணா, இதைவிடப் பெரிய உதவி கிடையாது. டிபன் பாக்ஸ் மூடியை இறுக்க வேண்டாம், பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும். பஸ்ஸில் வெயில் படாத பக்கம் வையுங்கள்.

தம்பி, அவர் ஸ்பாஞ்ச் வருவதற்கு முன் நாளைக் காலையிலேயே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். நைட்ரைட் 8 என்பது அதிகம், பாக்டீரியாவுக்கே மந்தம் தட்டும் என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வதுண்டு. தண்ணீர் மாற்றினால் சைக்கிள் கலைந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வந்த பாக்டீரியா ஸ்பாஞ்சில் இருக்கிறது, வாளியில் போகாது. புது ஸ்பாஞ்சை ஃபில்டர் வாயிலேயே செருகுங்கள், தண்ணீர் அதன் வழியாக ஓடட்டும். பைப் தண்ணீரில் அலசிவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பம் தொட்டி (21ஆம் நாள், ஞாயிறு)

கோயில் வாசலில் அண்ணனைச் சந்தித்தேன். டிபன் பாக்ஸைத் திறந்ததும் கறுத்துப் போன ஸ்பாஞ்ச், மழை பெய்த தோட்டத்து மண் வாசனை. கெட்ட நாற்றம் துளியும் இல்லை. என் மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மீன் குட்டி இருக்கா?" என்று கேட்டாள். அண்ணன் உட்கார்ந்து அவளுக்குப் பாக்டீரியா பற்றி விளக்கிச் சொன்னார். பிரசாதமும் கொடுத்து அனுப்பினார்.

பாதித் தண்ணீர் மாற்றியாகிவிட்டது. மாலையில் நீர்க்க வைத்துப் பார்த்தால் நைட்ரைட் 4. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

அப்புறம் ஒரு சந்தேகம் அக்கா. போர் தண்ணீரைப் பிடித்த உடனே பிஎச் 7.4 காட்டுகிறது. தொட்டியில் 8.2 எப்படி வந்தது?

வேதியியல் டீச்சர்

நிலத்தடியில் இருக்கும்போது தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும், அது அமிலப் பக்கம் இழுக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் வாயு வெளியேறி பிஎச் ஏறும். ஒரு வாளித் தண்ணீரை ஏர் பம்பு போட்டு ஒரு நாள் வைத்து மறுபடி சோதியுங்கள், அதுதான் உங்கள் தண்ணீரின் உண்மையான பிஎச். மீன் விட்ட பிறகும் மாற்றுகிற தண்ணீரை இப்படி ஒரு நாள் காற்று விட்டு ஊற்றினால் நல்லது.

புது வாசகர், வில்லியனூர்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மோனியம் குளோரைடு என்பது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரம்தானே? பாத்திரத்துக்கு ஈயம் பூச வாங்குவார்களே, அதையே போடலாமா?

வேதியியல் டீச்சர்

பொருள் அதுதான். ஆனால் ஈயம் பூச விற்கும் கட்டியில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆய்வகத் தரத்தில் சின்னப் பொட்டலம் கெமிக்கல் கடையில் கிடைக்கும், அதையே வாங்குங்கள். 10 கிராமை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 100 லிட்டருக்கு 31 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம். 70 லிட்டரில் 2 பிபிஎம் வேண்டும் என்றால் 44 மில்லி. புட்டியில் பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சிலர் இறால் துண்டையோ சென்னாக்கூனியையோ தொட்டியில் போட்டு அழுக விடுகிறார்கள். எவ்வளவு அம்மோனியா வரும் என்று அளக்க முடியாது, வீடும் நாறும்.

மஞ்சக்குப்பம் தொட்டி (26ஆம் நாள்)

24ஆம் நாள்: அம்மோனியா 0, நைட்ரைட் 2.
25: நைட்ரைட் 1.
26: நைட்ரைட் 0! வான நீலம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நைட்ரேட் 20க்கும் 40க்கும் நடுவில்.

இத்தனை நாள் கத்தரிப்பூவையே பார்த்த கண்ணுக்கு இந்த நீலம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிவிடலாம் அல்லவா?

லாஸ்பேட்டைக்காரர்

சந்தோஷம் தம்பி. இன்னும் ஒரே ஒரு பரீட்சை பாக்கி. நாளை மாலை ஆறு மணிக்கு 44 மில்லி ஊற்றுங்கள். மறுநாள் மாலை ஆறு மணிக்குச் சோதியுங்கள். 24 மணி நேரத்தில் 2 பிபிஎம்மைத் தின்று, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 என்றால் தொட்டி தயார். 0 வந்தது என்பதைவிட எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். இரையே போடாமல் வைத்திருந்தால் எந்தத் தொட்டியும் 0 காட்டும்.

மஞ்சக்குப்பம் தொட்டி (28ஆம் நாள், ஞாயிறு மாலை)

அம்மோனியா 0. நைட்ரைட் 0.5. மகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் இருந்தே தயாராக இருந்தாள். இன்றைக்கு இல்லை என்றதும் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. 0.5தானே, ஆறு சின்ன மீன்தானே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது.

லாஸ்பேட்டைக்காரர்

புரிகிறது. இருந்தாலும் வேண்டாம். இந்த அரைப் புள்ளி நாளைக்குள் தானாகப் போய்விடும், இரண்டாவது கூட்டம் இன்னும் கொஞ்சம் பெருக வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நாள் கழித்து வெள்ளியன்று மறுபடி ஊற்றி சனியன்று பாருங்கள். வாங்கி வந்த மூன்றாம் நாள் மீன் செத்து மிதந்தால் பாப்பா அதை மறக்கவே மாட்டாள். இன்றைய ஏமாற்றத்தை அடுத்த ஞாயிறு மறந்துவிடுவாள்.

வேதியியல் டீச்சர்

அவளிடம் அந்த நீலம், கத்தரிப்பூ கதையைச் சொல்லுங்கள் சார். அடுத்த சோதனையை அவளையே துளி எண்ணச் சொல்லுங்கள், மருந்துப் புட்டி உங்கள் கையில் இருக்கட்டும். இந்தப் பாக்டீரியாவின் கதையிலேயே பெரியவர்கள் ரொம்ப நாள் தவறாக நினைத்திருந்தார்கள். தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. 1998இல் வெளியான ஆய்வில்தான் நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. 2015இல் அம்மோனியாவில் இருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு இது ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சிலிர்க்கும்.

முத்தியால்பேட்டை கப்பி

ஒரு செய்தி. மூன்று பாதி மாற்றம் முடிந்து அம்மோனியா 0.5க்குக் கீழே வந்தது. ஆப்பச்சோடா இரண்டு நாள் போட்டேன். பிஎச் இப்போது 7.6. நேற்று முதல் தடவையாக நைட்ரைட் 0.25 தெரிந்தது. டீச்சர் அக்கா சொன்னபடி தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுகிறேன், கல்லுப்பும் போட்டிருக்கிறேன். ஐந்து கப்பியும் நலம்.

மஞ்சக்குப்பம் தொட்டி (34ஆம் நாள், சனி மாலை 6:20)

துளி எண்ணியது மகள். அம்மோனியா முதல் புட்டி எட்டு, இரண்டாவது எட்டு. நைட்ரைட் ஐந்து. ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜன்னல் ஓரம் மாலை வெளிச்சத்தில் மஞ்சள், நீலம். இரண்டும் 0. நைட்ரேட் 40.

லாஸ்பேட்டைக்காரர்

இதற்குத்தான் காத்திருந்தோம்! நாளைக் காலை முக்கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், நைட்ரேட் 25 பக்கம் வரும். பிஎச் 8.2 தண்ணீருக்குப் பிளாட்டி, மோலி, கப்பி மூன்றும் நன்றாக ஒத்துப்போகும். ஆறு போதும், பிறகு மெல்லக் கூட்டலாம். நைட்ரேட்டுக்கு மணிபிளான்ட் கொடி ஒன்றை வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி ஃபில்டர் பக்கம் செருகுங்கள், இல்லாவிட்டால் வேலம்பாசி. போர் தண்ணீர் இறக்க முடியாத 20ஐ அவை இறக்கும்.

பேட்டரி ஏர் பம்பு ஒன்று வாங்கி வைக்க மறக்க வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரை கடந்தபோது இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் பேட்டரி பம்பில் ஓடியது, அந்தத் தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடிய கேனிஸ்டர் ஃபில்டரைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லாமல் உள்ளே எல்லாம் செத்திருந்தது. அப்படியே ஓட விட்டிருந்தால் மீனும் போயிருக்கும். நீங்கள் கடலூர், 2011இல் தானே புயல் என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சக்குப்பம் தொட்டி (37ஆம் நாள்)

ஆறு பிளாட்டி. நாலு சிவப்பு, இரண்டு மஞ்சள், எல்லாம் மகள் தேர்ந்தெடுத்தவை. பையோடு இருபது நிமிடம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் கலந்து, வலையில் எடுத்து விட்டோம்.

இரண்டு நாள் கழித்து இன்று காலை: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20க்குச் சற்று மேல், பிஎச் 8.2. எல்லாம் மேலே வராமல் நடுவிலும் அடியிலும் நீந்துகின்றன. நெய்வேலி அண்ணனுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்

பார்த்தேன் தம்பி, மஞ்சள் ஒண்ணு நல்லா கொழுகொழுன்னு இருக்கு, குட்டி போடும் போல. நானும் அந்தத் துளி கிட் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். என் பழைய தொட்டியில் என்ன எண் வருதுன்னு பார்க்கணும்.

லாஸ்பேட்டைக்காரர்

முதலில் உங்கள் பைப் தண்ணீரைச் சோதித்துவிட்டு அப்புறம் தொட்டி, அண்ணா.

மஞ்சக்குப்பம் தம்பி, ஐப்பசி மழை பிடித்ததும் உங்கள் போர் தண்ணீரை இன்னொரு தடவை சோதித்து இங்கேயே எழுதுங்கள். மழைக்குப் பிறகு அந்த 20 மாற வாய்ப்பு உண்டு.